ஸ்டிரால் ரத்தப் பரிசோதனை: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். என் அக்கா மகனுக்கு ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற, உடம்பில் கொலஸ்ட்ரால் சரியாக உருவாகாத பிறவி நோய், இப்போது பத்து வயதாகிறது. நான் இந்த வேலையில் இருப்பதும் எங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு பிள்ளை இருப்பதும் தெரிந்து, 'ஸ்டிரால் ப்ரொஃபைல்' எழுதிக்கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல பெற்றோர் என்னிடம் வருகிறார்கள், போனில் கூப்பிடுகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சிகிச்சை முடிவு எதுவானாலும் உங்கள் டாக்டரிடம்தான்.

"ஸ்டிரால் டெஸ்ட்னு எழுதியிருக்காங்க. அது கொலஸ்ட்ரால் டெஸ்ட்தானே தம்பி?"

இல்லைங்க. ஸ்டிரால் என்பது ஒரு குடும்பப் பெயர், கொலஸ்ட்ரால் அந்தக் குடும்பத்தில் ஒரு ஆள். நம் உடம்பு கொலஸ்ட்ராலை ஒரே அடியில் செய்துவிடுவதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பட்டறை பார்த்திருப்பீர்கள்: ஒரு இடத்தில் வறுப்பார்கள், அடுத்த இடத்தில் உடைப்பார்கள், அப்புறம் தோல் உரிப்பார்கள், கடைசியில் தரம் பிரித்து டின்னில் அடைப்பார்கள். தோல் உரிக்கிற ஆள் வரவில்லை என்றால் என்ன ஆகும்? தோலோடு இருக்கிற பருப்பு அந்த மேசையில் மலையாகக் குவியும், டின்னுக்குப் போகிற பருப்பு குறையும்.

உடம்பிலும் அப்படித்தான். லானோஸ்டிரால் என்ற பொருளிலிருந்து கொலஸ்ட்ரால் வரை பல படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. பிறவியிலேயே ஒரு நொதி சரியாக வேலை செய்யாவிட்டால் அதற்கு முந்தைய பொருள் ரத்தத்தில் குவியும். எந்த மேசையில் எது குவிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான் ஸ்டிரால் பரிசோதனை.

"கொலஸ்ட்ரால் குறைஞ்சா நல்லதுதானே? எங்க மாமியார் குறைக்கத்தானே தினமும் மாத்திரை போடறாங்க?"

பெரியவர்களுக்கு ரத்தக்குழாயில் படிகிற கொலஸ்ட்ராலைப் பற்றியே கேட்டுக் கேட்டு, கொலஸ்ட்ரால் என்றாலே விஷம் என்று நினைத்துவிட்டோம். ஒவ்வொரு செல்லின் சுவரும் கொலஸ்ட்ரால் கலந்து கட்டியது. மூளை நரம்புகளின் உறை, பித்த உப்பு, அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்கள், ஆண் பெண் ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் அதுதான். கருவில் கை கால் முகம் உருவாவதற்கான ஒரு முக்கியச் செய்திப் புரதம் வேலை செய்யவே கொலஸ்ட்ரால் அதனோடு ஒட்ட வேண்டும். அதனால்தான் ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோயில் பிறக்கும்போதே உறுப்பு வித்தியாசங்கள் தெரிகின்றன. மாமியாருக்குக் கூடுதல் பிரச்சினை, குழந்தைக்குப் பற்றாக்குறை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

"லிப்பிட் ப்ரொஃபைல் ஏற்கெனவே எடுத்தாச்சு, கொலஸ்ட்ரால் நார்மல். அப்புறம் எதுக்கு இது?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சாதாரண லேபில் கொலஸ்ட்ரால் பார்ப்பது ஒரு நொதியை வைத்து. அந்த நொதிக்கு கொலஸ்ட்ராலுக்கும் அதற்கு முந்தைய படியில் இருக்கும் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே எண்ணிவிடும். பட்டறைக் கணக்கில் சொன்னால், தோல் உரித்த பருப்பையும் உரிக்காததையும் ஒன்றாகக் கொட்டி எடை போடுகிற தராசு அது. மொத்த எடை சரியாக இருக்கும், டின்னில் அடைக்க முடிந்தது எவ்வளவு என்று தெரியாது.

ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோயில் கடைசிப் படி நொதிதான் பழுது, அதனால் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் குவியும். பல குழந்தைகளுக்கு மொத்தக் கொலஸ்ட்ராலும் குறைந்திருக்கும், அது ஒரு துப்பு. ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் சாதாரண அளவிலேயே இருக்கும். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. முதல் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று பார்த்துவிட்டு இரண்டு வருடம் வேறு வேறு காரணங்களைத் தேடி அலைந்தோம். அந்தக் காகிதத்தை அடித்துக் கொடுத்த மெஷின் மாதிரியே ஒன்றில்தான் நான் தினமும் வேலை பார்க்கிறேன், எனக்கே அப்போது தெரியவில்லை. சாதாரண கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நார்மல் என்பதை வைத்து இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டவே கூடாது. சீட்டில் 'ஸ்டிரால் ப்ரொஃபைல்' அல்லது '7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால்' என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும், கவுன்டரிலும் அதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

"எங்க பிள்ளையப் பார்த்ததுமே டாக்டருக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

பெரும்பாலும் காலைப் பார்த்திருப்பார். கட்டை விரலுக்கு அடுத்த இரண்டாவது, மூன்றாவது விரல்கள் தோலால் ஒட்டி, மேலிருந்து பார்த்தால் கவட்டை மாதிரி பிரியும். இந்த நோயுள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்கிறது. எங்கள் பிள்ளை பிறந்த அன்று அம்மா அந்த விரல்களைத் தடவிப் பார்த்து, ராசியான பிள்ளை என்றார். சும்மா ஒட்டிய விரல் எத்தனையோ ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் உண்டு, அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். கூடவே பால் குடிக்கத் திணறுவது, எடை ஏறாதது, தலை சிறியதாக இருப்பது, அண்ணப் பிளவு, ஆறாவது விரல், ஆண் குழந்தைக்குச் சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருப்பது, வளர்ச்சி தாமதம், வெயிலில் சிறிது நேரத்திலேயே தோல் சிவந்துபோவது இதெல்லாம் சேரும்போதுதான் டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

ஸ்மித், லெம்லி, ஓபிட்ஸ் என்ற மூன்று டாக்டர்கள் 1964இல் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். காரணம் கொலஸ்ட்ரால் உற்பத்தியில் இருக்கிறது என்று தெரிய 1993 ஆகிவிட்டது. உடம்பு கொலஸ்ட்ராலை எப்படிச் செய்கிறது என்று கண்டுபிடித்ததில் பங்குள்ள பிளாக், லினென் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1964இல்தான். நோயும் அதன் காரணமும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்த மாதிரி இருந்தும் ஒன்றோடொன்று சேர கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆனது என்பது எனக்கு இன்னும் மனதை உறுத்தும்.

"பிறந்தப்ப குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்களே, அதுல தெரிஞ்சிருக்காதா?"

தெரியாது. அந்தப் பரிசோதனையில் தைராய்டு குறைபாடு மாதிரி சில நோய்களைத்தான் பார்ப்பார்கள், வழக்கமான பட்டியலில் இது கிடையாது.

"வெறும் வயித்துல வரணுமா? எவ்வளவு ரத்தம் எடுப்பீங்க?"

வேண்டாம். கைக்குழந்தையைப் பட்டினி போட்டுக் கூட்டிவராதீர்கள், பால் கொடுத்துவிட்டே வாருங்கள், நரம்பு பிடிப்பதும் சுலபம். ஒன்று இரண்டு மில்லி ரத்தம் போதும், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. ஊதா மூடி டியூபா சிவப்பு மூடியா என்பது பரிசோதிக்கும் லேபைப் பொறுத்தது, நாங்களே போன் பண்ணிக் கேட்டுக்கொள்வோம். சாப்பிடுகிற மருந்துகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள், அது ஏன் என்று கீழே வருகிறது.

"டியூப்புக்கு எதுக்கு சார் சில்வர் பேப்பர் சுத்தறீங்க?"

நம் தோலில் வெயில் பட்டால் வைட்டமின் டி உண்டாகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தோலில் இருக்கிற எது வைட்டமின் டி ஆக மாறுகிறது தெரியுமா? இதே 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால்தான். வெளிச்சம் பட்டால் உருமாறும், காற்றுப் பட்டாலும் கெடும். நாம் தேடுகிற பொருளே டியூபுக்குள் கரைந்துபோய்விட்டால் நோய் இருந்தும் அளவு குறைவாகத் தெரியும். அதனால் ரத்தம் எடுத்த கையோடு சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அதே ஃபாயிலை டியூபைச் சுற்றி அடியையும் மடித்து, மேலே பெயர்ச் சீட்டு ஒட்டி, சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்ததும் அந்தச் சின்னக் குப்பிக்கும் மறுபடி சுற்றி உறைய வைத்துவிடுவேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நான்கு மாதக் குழந்தையோடு வந்தார். சனிக்கிழமை மதியம் ரத்தம் எடுத்து தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்பினோம். ஞாயிறு எங்கோ முடங்கிக் கிடந்து செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகிவிட்டது, மாதிரியை ஏற்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அந்த அம்மா மறுபடி பஸ் ஏறி வந்து, அந்தச் சின்னக் கையில் மறுபடி ஊசி. அன்றிலிருந்து இந்தப் பரிசோதனைக்கு திங்கள் முதல் புதன் வரைதான் ரத்தம் எடுக்கிறேன். நீங்கள் எங்கே கொடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: வெளிச்சம் படாமல் சுற்றுவீர்களா, உறைய வைத்து அனுப்புவீர்களா, வழியில் விடுமுறை வருகிறதா? அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"கடலூர்லயோ பாண்டியிலயோ பண்ண முடியாதா? எங்கேயோ அனுப்பறேங்கிறீங்க?"

ரத்தம் எடுப்பது இங்கே, பகுப்பது பெரிய நகரத்து லேபில். இதற்கு ஜி.சி.எம்.எஸ். என்ற கருவி வேண்டும், அதைவிட முக்கியமாக இந்தப் பரிசோதனையைப் பழகிய ஆள் வேண்டும். கொழுப்போடு ஒட்டியிருக்கும் ஸ்டிராலைக் காரம் போட்டுப் பிரித்து, கரைப்பானில் இழுத்து, ஆவியாக்கி ஒரு மெல்லிய நீளக் குழாயில் ஓடவிடுவார்கள். ஒவ்வொரு ஸ்டிராலும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும், அப்போது எடையும் பார்க்கப்படும். கொலஸ்ட்ராலின் மூலக்கூறு எடை 386, 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் 384, இரண்டு ஹைட்ரஜன்தான் வித்தியாசம். ஆனால் டெஸ்மோஸ்டிரால் என்ற வேறொன்றுக்கும் அதே 384, அது குவிந்தால் வேறு நோய். எடையை மட்டும் நம்பினால் ஆள் மாறிவிடும், வெளிவரும் நேரமும் பொருந்த வேண்டும்.

புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரிலோ எல்லைப்பிள்ளைச்சாவடி மருத்துவமனையிலோ காட்டுகிறவர்கள் மாதிரியை எங்கே அனுப்ப வேண்டும் என்று அந்த டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெங்களூரு மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து, 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் உயர்சிறப்பு மையமாக இருக்கின்றன. மரபியல் ஆலோசனைக்கு அங்கே போய்வந்த குடும்பங்கள் உண்டு.

"ரிப்போர்ட் வந்திருச்சு. ஏழெட்டு பேர் இருக்கு, எதைப் பார்க்கணும்?"

முதலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால், கூடவே 8-டிஹைட்ரோகொலஸ்ட்ரால், அப்புறம் கொலஸ்ட்ரால். ஆரோக்கியமான ஆளுக்கு முதல் இரண்டும் மிக மிகச் சொற்பம். அவை பல மடங்கு ஏறியிருந்தால் ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் பக்கம் யோசிப்பார்கள். டெஸ்மோஸ்டிரால் மட்டும் குவிந்தால் டெஸ்மோஸ்டிரலோசிஸ், லாத்தோஸ்டிரால் குவிந்தால் லாத்தோஸ்டிரலோசிஸ், இரண்டும் மிக அரிது. 8(9)-கொலஸ்டினால் கூடியிருந்து பெண் குழந்தைக்குத் தோலில் கோடுகோடாகச் செதிலும் எலும்பில் புள்ளிகளும் இருந்தால் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் இன்னொரு நோய்.

ஒரு எச்சரிக்கை: அலகைப் பார்க்காமல் இரண்டு லேப் எண்களை ஒப்பிடாதீர்கள். 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதும், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதும், லிட்டருக்கு சுமார் 26 மைக்ரோமோல் என்பதும் ஒன்றேதான். 'போன தடவை 1, இப்ப 26 ஆயிடுச்சு' என்று அழுதுகொண்டே ஒரு அப்பா ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தால் லேப்தான் மாறியிருந்தது, அளவு மாறவே இல்லை.

"7-டிஹைட்ரோ கொஞ்சம்தான் கூட இருக்கு. அப்ப நோய் உறுதியா?"

கொஞ்சம் கூடுதல் என்றால் அவசரப்படக் கூடாது. சில மனநல மருந்துகள், குறிப்பாக அரிபிப்ரசோல், ஹாலோபெரிடால், ட்ராசோடோன், இதே கடைசிப் படி நொதியைத் தடுத்து 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலை ஏற்றும், நோயே இல்லாதவர்களுக்கும். வளர்ச்சி தாமதமுள்ள பிள்ளைகளுக்கு இந்த மருந்துகளில் ஒன்று போய்க்கொண்டிருப்பது சகஜம். மருந்துப் பட்டியல் கேட்டது இதற்குத்தான். அதற்காக நீங்களாகவே மருந்தை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வராதீர்கள், எழுதிய டாக்டரிடம் பேசுங்கள். நடுத்தரமான எண் வந்தால் டி.எச்.சி.ஆர்.7 என்ற ஜீனைப் படித்துப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.

"நார்மல்னு வந்திருச்சு. இனி நிம்மதியா இருக்கலாமா?"

நோயின் கடுமையான வடிவம் பெரும்பாலும் இல்லை என்று நம்பலாம். ஆனால் மிக லேசான வடிவத்தில் ரத்த அளவு எல்லைக்குள்ளேயே இருந்துவிடலாம். கொலஸ்ட்ரால் பாதையிலேயே தொடக்கப் படியில் வரும் மெவலோனேட் கைனேஸ் குறைபாடு ஸ்டிரால் பரிசோதனையில் பிடிபடாது, அதற்குச் சிறுநீரில் மெவலோனிக் அமிலம் பார்க்க வேண்டும். மாதிரி போன விதமும் முக்கியம், சில்வர் பேப்பர் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரின் சந்தேகம் பலமாக இருந்தால் ஜீன் பரிசோதனையோ, தோலிலிருந்து செல் எடுத்து வளர்த்துப் பார்ப்பதோ மிச்சம் இருக்கிறது.

"சைட்டோஸ்டிரால் கூடன்னு போட்டிருக்கு. இதுவும் அதே நோயா?"

இல்லை. சைட்டோஸ்டிரால் தாவரத்திலிருந்து வருவது, நம் உடம்பு செய்வதில்லை. மல்லாட்டை (வேர்க்கடலை), எள், முந்திரி, சமையல் எண்ணெய் எல்லாவற்றிலும் இருக்கிறது. சாதாரணமாகக் குடல் அதை உள்ளே விடாமல் தள்ளிவிடும், தள்ளுகிற கதவு பழுதானவர்களுக்கு ரத்தத்தில் ஏறி, சின்ன வயதிலேயே முட்டியிலும் கணுக்காலிலும் மஞ்சள் கட்டிகள் வரும். சைட்டோஸ்டிரோலீமியா என்பார்கள், உணவுக் கட்டுப்பாட்டோடு எஸிடிமைப் என்ற மாத்திரை கொடுப்பார்கள். லிப்பிட் ப்ரொஃபைல் இங்கேயும் ஏமாற்றும், தாவர ஸ்டிராலையும் கொலஸ்ட்ரால் என்றே எண்ணிவிடும். ஐ.சி.யூ.வில் நரம்பு வழியாகச் சோயா கொழுப்பு ஏற்றப்பட்ட பச்சைக் குழந்தைக்கும் இந்த அளவு கூடும், அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

"கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தேன்னு எல்லாரும் என்னையே சொல்றாங்க. என் தப்பா அண்ணா?"

இல்லம்மா. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நீங்கள் சாப்பிட்டதாலும் சாப்பிடாததாலும் வந்ததில்லை. ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் வர அம்மாவிடமிருந்து ஒரு பழுதான ஜீனும் அப்பாவிடமிருந்து ஒன்றும் சேர வேண்டும். இரண்டு பேரும் சரிசமம், இரண்டு பேரும் அறியாமல் சுமந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கிற அம்மாக்களிடம் வீட்டுப் பெரியவர்களை ஒருநாள் கூட்டிவரச் சொல்கிறேன், நேரில் உட்கார்ந்து சொன்னால் கேட்கிறார்கள்.

சொந்தத்தில் கட்டியதால்தானா என்றும் கேட்பார்கள். அக்கா மகளையோ மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால் ஒரே பழுதான ஜீன் இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடும், அது உண்மை. ஆனால் அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வருகிறது. என் அக்காவைக் கட்டிய மாமா அந்நியம்தான்.

"நாங்க ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்தா கேரியரான்னு இதுலயே தெரியுமா?"

தெரியாது. ஒரு நல்ல ஜீன் இருந்தாலே நொதி போதுமான அளவு வேலை செய்துவிடும், அதனால் கேரியர்களின், அதாவது நோய் இல்லாமல் ஒரு பழுதான ஜீனை மட்டும் சுமப்பவர்களின், ஸ்டிரால் பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். இதற்காக என்னிடம் பணம் கட்ட வேண்டாம். முதலில் குழந்தையின் ஜீன் மாற்றம் எது என்று கண்டுபிடித்து, அதே மாற்றத்தைப் பெற்றோரிடம் தேடுவதுதான் வழி.

"அடுத்த குழந்தைக்கும் வருமா? முன்னாடியே பார்க்க முடியுமா?"

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகவே சீட்டுக் குலுக்குகிறார்கள். முன்கூட்டியே பார்க்கலாம்: குடும்பத்தின் ஜீன் மாற்றம் தெரிந்திருந்தால் பத்துப் பதினொரு வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவிலும், பதினாறு வாரம் போலப் பனிக்குட நீரிலும். பனிக்குட நீரில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் அளவையே நேராகப் பார்க்கவும் முடியும். கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் டாக்டரைப் பார்ப்பது நல்லது, தாமதமானால் எல்லாமே நெருக்கடியாகிறது. சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு கருக்கலைப்புக்கு சில பிரிவினருக்கு 24 வாரம் வரை அனுமதி, கருவில் பெரிய குறைபாடு இருந்தால் அதற்கு மேலும் மருத்துவக் குழு முடிவு செய்யும். அந்த முடிவில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் நான் கருத்துச் சொல்ல மாட்டேன்.

"முட்டை மஞ்சக்கரு கொடுத்தா சரியாயிடுமா? நாங்க சைவமாச்சே?"

முழுதாகச் சரியாகாது, ஆனால் பலன் உண்டு. ஒரு மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. மஞ்சள் கருவாகவோ, தூய கொலஸ்ட்ரால் பொடியைக் கரைத்தோ கொடுக்கும்போது வளர்ச்சி தேறுகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், எங்கள் பிள்ளைக்கு எடை ஏறியதை நாங்களே பார்த்தோம். சைவக் குடும்பங்கள் பொடியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் சாப்பிடுகிற கொலஸ்ட்ரால் மூளைக்குள் போகாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது, அங்கேயும் அதே பழுது. அதனால் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எதையும் விடாதீர்கள். வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். எங்கள் பிள்ளையை சில்வர் பீச்சுக்கு மாலை ஐந்தரைக்கு மேல்தான் கூட்டிப்போவோம்.

இன்னொன்று. அண்ணப் பிளவுக்கோ வேறெதற்கோ ஆபரேஷன் என்றால், கடும் காய்ச்சல் என்றாலும், இந்த நோய் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அட்ரீனல் ஹார்மோன் தேவைக்குச் சுரக்காமல் போகலாம், டாக்டர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

"இனி எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை இதை எடுக்கணும்?"

கொலஸ்ட்ரால் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தடவை கட்டாயம், ஏனென்றால் கொடுக்க ஆரம்பித்தால் அளவுகள் நகரும், ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்ப எண் வேண்டும். அப்புறம் இடைவெளியை டாக்டர் சொல்வார், குழந்தை சின்னதாக இருக்கும்போது அடிக்கடியும் வளர வளரக் குறைவாகவும் இருக்கும். முடிந்தவரை ஒரே லேபுக்கு அனுப்புங்கள், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். வருவதற்கு முந்தின நாள் ஒரு போன் போட்டால் ஐஸ் பெட்டியும் ஃபாயிலும் தயாராக எடுத்து வைத்திருப்பேன்.